0.66 மில்லிமீட்டரில் தொங்கிய 87 உயிர்கள்! - குட்டி உலோகப் பாகங்களின் பெரிய கதை

1990 ஜூன் 10, ஞாயிற்றுக்கிழமை காலை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலகா நகருக்குக் கிளம்பியது ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம். 81 பயணிகள், 6 ஊழியர்கள். 13 நிமிடம் ஆகியிருந்தது. உயரம் 17,000 அடியைத் தாண்டியிருந்தது.

திடீரென்று வெடிச்சத்தம். கேப்டன் உட்கார்ந்திருந்த பக்கத்து முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறந்துபோனது. அடுத்த நொடி, கேப்டன் டிம் லங்காஸ்டரின் பாதி உடல் விமானத்துக்கு வெளியே! காற்றும் குளிரும் அறைய, கால் மட்டும் உள்ளே சிக்கியிருந்தது. ஓடிவந்த பணியாளர் நைஜல் ஆக்டன் அவரை இறுகப் பிடித்துக்கொண்டார். கை சோர்ந்ததும் சக ஊழியர்கள் மாற்றிப் பிடித்தார்கள். துணை விமானி அலஸ்டேர் அட்சிசன் விமானத்தைச் சவுத்தாம்ப்டனில் பத்திரமாக இறக்கினார். கேப்டன் உட்பட 87 பேருமே பிழைத்தார்கள். எலும்பு முறிவுகளோடு மருத்துவமனைக்குப் போன கேப்டன், ஐந்து மாதத்துக்குள் மறுபடியும் விமானம் ஓட்டினார்.

கண்ணாடி ஏன் பறந்தது? விசாரணையில் கிடைத்த பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். விமானம் கிளம்புவதற்கு 27 மணி நேரத்துக்கு முன்பு அந்தக் கண்ணாடியைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகள், இருக்க வேண்டிய விட்டத்தைவிட 0.66 மில்லிமீட்டர் மெலிந்தவை. மீதி 6 போல்ட்டுகள் நீளம் குறைந்தவை. கழற்றிய பழைய போல்ட்டையும் புதிய போல்ட்டையும் பக்கத்தில் வைத்து, கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்து எடுத்திருந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த போல்ட்டுகள் மட்டமாகச் செய்யப்பட்டவை அல்ல. அதனதன் அளவில் ஒழுங்காகச் செய்யப்பட்டவைதான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. அளக்கும் கருவியில் வைத்திருந்தால், இது வேறு, அது வேறு என்று அப்போதே தெரிந்திருக்கும்.

கண்ணை நம்பாதே, அளவை நம்பு! உலகம் முழுக்க லட்சக்கணக்கில் குட்டி உலோகப் பாகங்களைச் செய்து தள்ளும் தொழிலின் முதல் பாடமே இதுதான்.

உங்கள் வீட்டில் எத்தனை இருக்கிறது?

இந்தத் தொழில் எங்கேயோ இருப்பதல்ல. சமையலறைக்குப் போய்ப் பாருங்கள். கேஸ் அடுப்பின் பர்னருக்குக் கீழே, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாகப் பித்தளையில் ஒரு ஜெட் இருக்கும். அதன் நடுவில் ஊசித்துளை. சிலிண்டரிலிருந்து வரும் வாயு எவ்வளவு வெளியேற வேண்டும் என்பதை அந்தத் துளைதான் முடிவு செய்கிறது. துளையின் விட்டம் 10 சதவிகிதம் பெரிதானால், வாயு போகும் வழி 21 சதவிகிதம் பெரிதாகிவிடும். அடுப்பு மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடிக்க அதுவே போதும்.

ஹாலுக்கு வாருங்கள். கைக்கடிகாரத்தின் உள்ளே எள்ளைவிடச் சின்ன ஸ்க்ரூக்கள். பிளக்கில் பித்தளைப் பின்கள். வாசலில் நிற்கும் பைக்கில் வால்வு, இன்ஜெக்டர், பிரேக் பாகங்கள். பிள்ளைகளின் பையில் பால்பாயின்ட் பேனா.

அந்தப் பேனாவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அதன் நுனியில் இருக்கும் குண்டின் விட்டம் பல பேனாக்களில் 0.7 மில்லிமீட்டர்தான். அந்தக் குண்டு உருள வேண்டும், ஆனால் கழன்று விழக் கூடாது. மை வர வேண்டும், ஆனால் ஒழுகக் கூடாது. குண்டுக்கும் அதைப் பிடித்திருக்கும் குழிக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்கள். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான்.

ஆண்டுக்குச் சுமார் 3,800 கோடி பேனாக்கள் செய்த சீனா, அந்த நுனிக்குத் தேவையான எஃகை நெடுங்காலம் வெளிநாட்டிலிருந்துதான் வாங்கியது. ராக்கெட் விடும் நம்மால் ஒரு பேனா நுனியைச் சொந்தமாகச் செய்ய முடியவில்லையா என்ற கேள்வி அங்கே பெரிய விவாதமானது. அப்போதைய பிரதமர் லீ கச்சியாங்கே வெளிப்படையாக வருத்தப்பட்டார். 2017-ல்தான் தையுவான் எஃகு நிறுவனம் அந்த எஃகைத் தயாரித்துவிட்டதாக அறிவித்தது. நாம் தொலைத்துவிட்டுத் தேடக்கூட யோசிக்கும் ஒரு பொருளுக்குப் பின்னால் இவ்வளவு கதை!

கரும்பு சீவத் தெரிந்தவர்களுக்கு இது புரியும்

கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் வழியில் இருக்கும் நெல்லிக்குப்பம், சர்க்கரை ஆலையால் பெயர் பெற்ற ஊர். அந்தப் பக்கத்துச் சின்னப் பையன்களைக் கேட்டாலே கரும்பின் தோலை எப்படிச் சீவ வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். அடிக்கரும்பைப் பிடித்துக்கொண்டு நுனியில் கத்தியை வைத்தால் கரும்பு வளைந்து நழுவும். கத்தி படும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடித்தால்தான் ஒரே சீராகச் சீவ முடியும்.

மெல்லிய உலோகக் கம்பியைக் கடைவதிலும் சிக்கல் இதேதான். சாதாரண லேத்தில் கம்பியின் ஒரு முனையைச் சக்கில் இறுக்கிச் சுழலவிட்டு, டூலை நகர்த்திக்கொண்டே போய்ச் செதுக்குவார்கள். கம்பி குட்டையாக, தடிமனாக இருந்தால் பிரச்னையில்லை. பென்சில் ஈயம் போல மெலிந்து நீண்டிருந்தால்? டூல் அழுத்தியதும் கம்பி வளையும். ஒரு முனையில் ஓர் அளவு, மறுமுனையில் வேறு அளவு வரும்.

இதற்கு விடை கண்டவர்கள், கடிகாரம் செய்த சுவிட்சர்லாந்துக்காரர்கள். 1870-களில் யாகோப் ஷ்வைட்ஸர் என்பவர் விஷயத்தைத் தலைகீழாக்கினார். டூல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், கம்பி நகரட்டும்! டூலை ஒட்டி ஒரு வளையம். கம்பி அதற்குள் நுழைந்து, சுழன்றபடியே முன்னால் வரும். வளையத்தைவிட்டு வெளியே வந்த உடனேயே டூல் அதைச் செதுக்கிவிடும். கம்பி எவ்வளவு நீளமாக இருந்தாலும், வெட்டுப்படும் இடம் எப்போதும் பிடிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் வளைய வழியில்லை. கரும்பு சீவும் அதே சூட்சுமம். அந்த வளையத்துக்கு கைடு புஷ் என்று பெயர். இந்த வகை மெஷினை இன்றும் உலகம் முழுக்க 'ஸ்விஸ் டைப் லேத்' என்றே அழைக்கிறார்கள். இந்த மெஷின்களைச் செய்வதையே பிழைப்பாக்கிக்கொண்டு வளர்ந்த மூத்தியே என்ற சுவிஸ் ஊரில் இதற்கென்று ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது.

அதே காலத்தில் அமெரிக்காவில் இன்னொருவர் வேறொரு கேள்வியோடு மோதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஓர் ஆள் நின்று கைப்பிடியைத் திருப்ப வேண்டுமா? துப்பாக்கி செய்து பெயர் வாங்கிய கிறிஸ்டோபர் ஸ்பென்சர்தான் அவர். மேடு பள்ளமாகச் செய்த ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டார். மேடு வரும்போது டூல் முன்னே போகும், பள்ளம் வரும்போது பின்னே வரும். மனிதக் கை செய்த வேலையைச் சக்கரமே செய்தது. 1873-ல் அந்த மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால், கதையின் நாயகனான அந்தச் சக்கரத்தைக் காப்புரிமையில் சேர்க்க விட்டுவிட்டார்கள்! எல்லோரும் அதைக் காப்பியடித்தார்கள். ஸ்க்ரூ விலை சரிந்தது, உலகம் பிழைத்தது.

அந்தச் சக்கரத்துக்கு 'கேம்' என்று பெயர். நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் அது ஓடுகிறது. ஜெர்மனியின் ட்ராப் நிறுவனத்தின் உரிமத்தோடு இந்தியாவில் தயாரான மெஷின்கள் அவ்வளவு பிரபலம் என்பதால், அந்த வகை மெஷின் எல்லாவற்றுக்குமே 'ட்ராப்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஜெராக்ஸ் மாதிரி! கேம் மாற்றி, டூல் மாற்றி, அளவைக் கொண்டுவருபவர் 'செட்டர்'. மெஷினைப் பார்த்துக்கொள்பவர் 'ஆபரேட்டர்'. இப்போது சி.என்.சி. வந்துவிட்டதால், கேம் செய்த வேலையைக் கம்ப்யூட்டர் புரோகிராம் செய்கிறது. ஆனால், செட்டரும் ஆபரேட்டரும் போகவில்லை.

ஒன்று செய்வது வேறு, லட்சம் செய்வது வேறு

இங்கேதான் நிஜமான சவால் தொடங்குகிறது. ஒரு மெஷின் 10 விநாடிக்கு ஒரு பீஸ் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 360. மூன்று ஷிஃப்ட்டும் நிற்காமல் ஓடினால் நாளைக்கு 8,640. அதில் ஒரே ஒரு சதவிகிதம் தப்பானால்கூட 86 பீஸ் கெட்டவை. அந்த 86-ல் ஒன்று யாருடைய பிரேக்கில் போய் உட்காரும் என்று எவராலும் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் அளந்துவிடலாமே? அளக்க ஆகும் நேரம், செய்ய ஆகும் நேரத்தைவிட அதிகம். அதோடு, காலையிலிருந்து ஒரே மாதிரி பீஸைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதக் கண், கொஞ்ச நேரத்தில் பார்ப்பதை நிறுத்திவிடும். கண் திறந்திருக்கும், கவனம் இருக்காது.

இதற்கு வழி சொன்னவர் வால்டர் ஷூவார்ட். அமெரிக்காவில் டெலிபோன் பாகங்களைக் கோடிக்கணக்கில் செய்த நிறுவனத்துக்காக வேலை பார்த்தவர். 1924 மே மாதம் தன் மேலதிகாரிக்கு ஒரே ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதினார். அதில் ஒரு படம் இருந்தது. தொழிற்சாலைகள் இன்று 'கன்ட்ரோல் சார்ட்' என்று அழைப்பது அதைத்தான்.

விஷயம் எளிது. வீட்டில் தினமும் காபி போடுகிறார்கள். ஒருநாள் கொஞ்சம் ஸ்ட்ராங், ஒருநாள் கொஞ்சம் லைட். அது இயல்பு, யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால், தொடர்ந்து ஐந்தாறு நாள் சுவை ஒரே பக்கமாக இறங்கிக்கொண்டே போனால்? டிகாக்‌ஷனிலோ, தூளிலோ, பாலிலோ ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். காபி குடிக்கவே முடியாமல் போகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. முன்கூட்டியே காரணத்தைத் தேடலாம்.

மெஷினிலும் அப்படித்தான். அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை சில பீஸ்களை எடுத்து அளந்து, சார்ட்டில் புள்ளி வைப்பார்கள். புள்ளிகள் மேலும் கீழுமாக ஆடினால் சரி. ஒரே பக்கமாக நகர ஆரம்பித்தால் டூல் தேய்கிறது என்று பொருள். பீஸ் இன்னும் அளவுக்குள்தான் இருக்கும். ஆனால், இப்போதே நிறுத்தி, டூலை மாற்றியோ, சில மைக்ரான் திருத்தியோ விட வேண்டும். கெட்ட பீஸைப் பொறுக்கி எறிவதைவிட, கெட்ட பீஸ் பிறக்காமல் பார்த்துக்கொள்வது மேல்.

இந்த ஷூவார்ட் 1947-48-ல் இந்தியாவுக்கு வந்து, புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் உருவாக்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அழைப்பில் பல இடங்களில் உரையாற்றினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி. ஷூவார்ட்டின் வழியில் வந்த டெமிங் 1950-ல் ஜப்பானுக்குப் போய்ப் பாடம் நடத்தினார். ஜப்பான்காரர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். டெமிங் பெயரில் ஒரு விருதையே உருவாக்கினார்கள். அந்த விருதை 1998-ல் முதன்முதலாக வாங்கிய இந்திய நிறுவனம் எங்கே இருந்தது தெரியுமா? சென்னை பாடியில்! லாரி, பஸ்களுக்கு ஏர் பிரேக் செய்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு.

கத்திரி வெயிலும் ஆறு மைக்ரானும்

நம் ஊரில் இந்தத் தொழிலுக்குத் தனியாக ஓர் எதிரி உண்டு. வெயில்!

எஃகு சூடானால் விரியும். 50 மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் எஃகுப் பாகம், 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 6 மைக்ரான் நீளும். அலுமினியம் அதைப்போல் இரண்டு மடங்கு நீளும். அனுமதிக்கப்பட்ட வித்தியாசமே 10 மைக்ரான் என்றால், வெயில் மட்டுமே அதில் பாதிக்குமேல் தின்றுவிடுகிறது.

அதனால்தான் உலகம் முழுவதும் ஒரு பாகத்தின் அளவு என்றால், 20 டிகிரியில் இருக்கும் அளவு என்று பொது விதி வைத்திருக்கிறார்கள். அளக்கும் அறைக்கு ஏ.சி. போடுவது ஆபரேட்டருக்காக அல்ல, பீஸுக்காக! மெஷினிலிருந்து சூடாக எடுத்த பீஸை உடனே அளந்தால் ஏமாந்துபோவோம். அதை அந்த அறையிலேயே கொஞ்ச நேரம் ஆறவிட வேண்டும். மைக்ரோமீட்டரை நீண்ட நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தால் கையின் சூட்டில் அதுவும் மாறும். காலை ஷிஃப்ட்டில் மெஷினை ஆன் செய்ததும் உற்பத்தியை ஆரம்பிக்காமல், சும்மா ஓடவிட்டுச் சூடேற்றுவதும் இதற்காகத்தான். கடலூர் மாவட்டத்துக் கத்திரி வெயிலில் வெளியே நாற்பது டிகிரி அடிக்கும்போது, உள்ளே 20 டிகிரியைக் காப்பாற்றுவதும் இந்தத் தொழிலின் செலவுக் கணக்கில் ஒன்று.

ஓசூரில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள்

'இதெல்லாம் சுவிஸ்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும்தான் வரும்' என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. இந்தியாவில் அப்போது வாட்ச் என்றால் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு 1961-ல் தொடங்கிய எச்.எம்.டி. வாட்ச்தான்.

1984-ல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. தொழிற்சாலைக்குத் தேர்ந்த இடம் ஓசூர். கடிகாரத் தொழிலில் பழுத்த அனுபவசாலிகளைத் தேடிப் பிடிக்காமல், தமிழகத்தின் சின்னச் சின்ன ஊர்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர்களை, பெண்களையும் சேர்த்து, வேலைக்கு எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அதுவரை மைக்ரான் என்ற சொல்லையே கேட்டிராத பிள்ளைகள். முதன்முறையாக வீட்டைவிட்டு வெளியூர் வந்தவர்கள்.

2002-ல் அதே ஓசூரிலிருந்து 'எட்ஜ்' வந்தது. மொத்த வாட்சின் தடிமன் 3.5 மில்லிமீட்டர். உள்ளே ஓடும் இயந்திரப் பகுதியின் தடிமன் வெறும் 1.15 மில்லிமீட்டர். அத்தனை பல்சக்கரங்களும், அச்சுகளும், ஸ்க்ரூக்களும் அந்த 1.15-க்குள் அடங்க வேண்டும் என்றால், ஒவ்வொரு பாகமும் என்ன அளவில் இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்! அந்தக் கைப்பழக்கத்தை வைத்து, அதே குழுமம் இன்று விமானங்களுக்கான துல்லிய பாகங்களையும் ஓசூரில் செய்கிறது. பக்கத்திலேயே டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் உலோக உறைகள் தயாராகின்றன. அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள்.

ஓசூர் மட்டுமல்ல. அம்பத்தூர் எஸ்டேட்டின் குறுக்குத் தெருக்களிலும், கோயம்புத்தூரின் பட்டறைகளிலும், ஒரகடம் பக்கத்துக் கொட்டகைகளிலும் இரவு பகலாக இந்த மெஷின்கள் ஓடுகின்றன. பெரிய கம்பெனியின் காரில் இருக்கும் ஒரு பாகம், நான்கே மெஷின் வைத்திருக்கும் ஒரு குடும்பப் பட்டறையில் பிறந்ததாக இருக்கலாம்.

57 சென்ட் பாகம், 124 மரணங்கள்

குட்டி பாகம்தானே என்று விட்டால் என்ன ஆகும்? 2014-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அதற்கு விடை கண்டது.

அதன் சில கார்களில், ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி தானாக நழுவி இன்ஜின் அணைந்தது. இன்ஜின் அணைந்தால் ஏர்பேக்கும் விரியாது. காரணம், சாவி ஸ்விட்ச்சின் உள்ளே சாவியை அதன் இடத்தில் நிறுத்திவைக்கும் ஒரு சின்ன உலோகக் கட்டையும் ஸ்பிரிங்கும் போதிய பலத்தோடு பிடிக்கவில்லை. வரைபடத்தில் கேட்ட பலம் வரவில்லை என்று தெரிந்தே அந்த ஸ்விட்ச்சை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் அந்தக் கட்டையை 1.6 மில்லிமீட்டர் நீளமாக்கிச் சரிசெய்தபோது, பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. பழையது எது, புதியது எது என்று தெரியாமல் போனது. ஒரு வழக்கில் ஆஜரான பொறியாளர் இரண்டையும் பிரித்து அளந்து பார்த்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

முதற்கட்டமாகச் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி, 124 மரணங்களுக்கு இந்தக் கோளாறுதான் காரணம் என ஏற்றுக்கொண்டது. மாற்றுப் பாகத்தின் விலை 57 சென்ட் என்று அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் சொல்லப்பட்டது. அன்றைய மதிப்பில் சுமார் 35 ரூபாய்!

நெல்லிக்குப்பம் பையனுக்கு இதில் என்ன இருக்கிறது?

நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை, கொஞ்ச தூரத்தில் நெய்வேலி. 1956-ல் தொடங்கிய என்.எல்.சி.யின் சுரங்கத்தில் ராட்சதச் சக்கரத்தோடு மண்ணை வாரும் இயந்திரங்களைப் பார்த்து வளர்ந்த மாவட்டம் இது. பெரிய இயந்திரம் என்றால் என்ன என்று இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த ராட்சதன் சுழல்வதும், உள்ளே இருக்கும் பேரிங்குகளும் போல்ட்டுகளும் அளவு தப்பாமல் இருப்பதால்தான்.

பத்தாவது முடித்துவிட்டு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் படிப்பவர்களுக்கு முதல் மாதங்களில் கிடைக்கும் வேலை, ஓர் இரும்புக் கட்டையை அரத்தால் ராவி, சொன்ன அளவுக்குக் கொண்டுவருவது. கை வலிக்கும், சலிப்பாக இருக்கும், 'சி.என்.சி. காலத்தில் இது எதுக்கு?' என்று தோன்றும். ஆனால், 0.02 மில்லிமீட்டர் காட்டும் வெர்னியரையும், 0.01 காட்டும் மைக்ரோமீட்டரையும் கையில் பிடித்து, எவ்வளவு அழுத்தினால் அளவு பொய் சொல்லும் என்று விரலுக்குப் பழகுவது அந்தக் கட்டையில்தான்.

படித்து முடித்ததும் சிலர் என்.எல்.சி.யில் அப்ரன்டிஸ் ஆகிறார்கள். பலர் சென்னைக்கும் ஓசூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். அங்கே காத்திருப்பது கூலன்ட் வாசனையும், ஷிஃப்ட் மாற்றமும், நின்றுகொண்டே பார்க்கும் வேலையும். சுழலும் மெஷின் பக்கத்தில் கையுறை போடக் கூடாது, தொளதொளச் சட்டை கூடாது, கண்ணாடி இல்லாமல் குனியக் கூடாது என்ற விதிகளுக்கு விலக்கு கிடையாது. சுருள்சுருளாக வரும் உலோகச் சீவலை வெறும் கையால் இழுத்தால் விரல் கிழியும்.

இன்னொரு சோதனையும் உண்டு. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் அதிகம் பேசாத சபலம் அது. மணிக்கொருமுறை அளந்து எழுத வேண்டிய தாளை, ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாக உட்கார்ந்து நிரப்பிவிடுவது. எல்லாப் புள்ளியும் நடுக்கோட்டில் அழகாக இருக்கும். அதிகாரி பார்த்தால் கேள்வி வராது. ஆனால், அந்தத் தாளில் இருப்பது அளவு அல்ல, கற்பனை.

இதற்குத் தொழிலாளியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. மெஷினை நிறுத்தினால் 'இன்றைக்கு எத்தனை பீஸ் குறைந்தது?' என்று கேட்கும் இடத்தில் யார் துணிந்து நிறுத்துவார்கள்? 'சந்தேகம் வந்ததும் நிறுத்தினாயே, நல்லது' என்று சொல்லும் சூப்பர்வைசர் இருக்கும் இடத்தில்தான் சார்ட் உண்மை பேசும். லட்சம் பீஸ் ஒன்றுபோல வருவதற்குக் காரணம் மெஷின் பாதி என்றால், நிறுத்த அனுமதிக்கப்பட்ட ஆபரேட்டர் மீதி.

பெட்ரோல் போனால் இந்தத் தொழிலும் போகுமா?

இந்தக் கேள்வி இன்று பட்டறைக்காரர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது. இன்ஜின் வால்வு, வால்வு கைடு, பிஸ்டன் பின், இன்ஜெக்டர் என்று ஒரு பெட்ரோல் இன்ஜினுக்குள் இருக்கும் பல பாகங்கள் மின்வாகனத்துக்கு வேண்டவே வேண்டாம். அவற்றை மட்டுமே நம்பி மெஷின் வாங்கியவர்களுக்கு இது நிஜமான ஆபத்து.

ஆனால், மோட்டார் ஷாஃப்ட் வேண்டும். பேட்டரியை இணைக்கும் பின்களும் டெர்மினல்களும் வேண்டும். பல் கட்டும் டாக்டர் பொருத்தும் இம்ப்ளான்ட் வேண்டும், எலும்பு முறிவில் போடும் டைட்டானியம் ஸ்க்ரூ வேண்டும். 2019-ல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், கோயம்புத்தூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து ஊர்களைச் சேர்த்திருக்கிறார்கள். எல்லாமே ஏற்கெனவே பட்டறைகளுக்குப் பழக்கமான ஊர்கள். செய்யும் பீஸ் மாறும், உலோகம் மாறும். அளந்து பார்க்கும் பழக்கம் உள்ள கைக்கு வேலை மாறாது. எலும்பில் போடும் ஸ்க்ரூவுக்கு, ஸ்கூட்டரில் போடும் ஸ்க்ரூவைவிடக் கடுமையான ஆவணங்கள் கேட்பார்கள். அங்கே, ஷிஃப்ட் முடிவில் நிரப்பிய தாள் எடுபடாது.

நெல்லிக்குப்பம் பக்கத்து வீடு ஒன்றில், 'பையன் கம்பெனியில் என்ன வேலை பார்க்கிறான்?' என்று உறவினர் கேட்டால், 'ஏதோ சின்னச் சின்ன ஸ்க்ரூ செய்யறானாம்' என்று அம்மா கொஞ்சம் தயங்கிச் சொல்லக்கூடும். தயங்க வேண்டியதில்லை. 1990-ல் அந்த ஞாயிற்றுக்கிழமை, 17,000 அடி உயரத்தில் 87 பேரின் உயிர் 0.66 மில்லிமீட்டரில் தொங்கியது. யாராவது ஒருவர் ஒரே ஒரு போல்ட்டை எடுத்து அளந்து பார்த்திருந்தால், அந்த விமானம் மலகாவில் சாதாரணமாக இறங்கியிருக்கும். செய்தியே இருந்திருக்காது.

அந்தப் பையன் செய்யும் வேலை அதுதான். அவன் ஒழுங்காக அளந்து பார்க்கும் ஒவ்வொரு நாளும், எங்கேயோ ஒரு செய்தி வராமல் போகிறது.